அடுத்தவரைக் காப்பாற்றப் போய் அடிபட்டால் நஷ்டஈடு உண்டா?

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். ஒரு நூற்பாலையில் பேக்கிங் பிரிவில் வேலை. ஒருநாள் சாப்பாடு முடித்துத் திரும்பி வரும்போது, பக்கத்துப் பிரிவில் ஒரு பெண்ணின் துப்பட்டா ஓடுகிற பெல்ட்டில் மாட்டிக்கொண்டு கழுத்தை இழுக்கிறது. இவர் ஓடிப்போய்த் துணியைப் பிடித்து இழுத்தார். அந்தப் பெண்ணுக்குக் கழுத்தில் சிராய்ப்போடு போயிற்று. இவருக்கு வலது ஆள்காட்டி விரலின் நுனிக்கணு போயிற்று.

மில் ஆபீஸில் எழுதிய விபத்து அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் ஒரே வரிதான்: "தனக்குச் சம்பந்தமில்லாத இயந்திரத்தில் அனுமதியின்றிக் கை வைத்ததால் காயம் ஏற்பட்டது."

இந்த வரியில் பொய் என்று ஒரு சொல்லைக்கூடக் காட்ட முடியாது என்பதுதான் கொடுமை. அது அவருடைய இயந்திரம் இல்லை, உண்மை. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, அதுவும் உண்மை. ஏன் கை வைத்தார் என்பது மட்டும் இல்லை. அண்ணனும் அதை நம்பிவிட்டார். "நானாத்தானே போனேன், யாரும் போகச் சொல்லலையே, எப்படிக் கேக்குறது" என்று இரண்டு மாதம் சும்மா இருந்தார். அவரைப் போல நினைப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று தோன்றியதால்தான் இதை எழுதுகிறேன். சுருக்கமான பதில்: கேட்கலாம். இந்தியாவில் சட்டம் இதை யோசித்துப் பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறது. நீளமான பதிலுக்குக் கொஞ்சம் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும்.

தொழிலாளர் இழப்பீடு என்பது சாதாரண நஷ்டஈட்டு வழக்கு மாதிரி கிடையாது. சாதாரண வழக்கில் எதிராளி மேல் தப்பு இருக்கிறது என்று நிரூபித்தால்தான் காசு. இதில் முதலாளி மேல் தப்பு இருக்கிறதா, தொழிலாளி கவனமாக இருந்தாரா என்பதெல்லாம் பெரும்பாலும் கேள்வியே இல்லை. வேலையால் அடிபட்டதா என்பது ஒன்றுதான் கேள்வி. ஆமாம் என்றால் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு, தொகை சட்டத்தில் சொன்ன கணக்கின்படிதான் வரும், மன உளைச்சல், வலி என்று தனியாக எதுவும் சேராது. இப்படி ஒரு ஏற்பாடு.

இதற்கு நம் நாட்டில் நீண்ட காலமாக இரண்டு வாசல்கள். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் ஒன்று, அதில் முதலாளி தன் கையிலிருந்தோ (அல்லது தான் எடுத்த இன்சூரன்ஸிலிருந்தோ) தர வேண்டும். 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டு) சட்டம் இன்னொன்று, அதில் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிற பணத்திலிருந்து இ.எஸ்.ஐ. கழகம் தரும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை என்றால் பொதுவாக நீங்கள் இ.எஸ்.ஐ. ஆள். இ.எஸ்.ஐ. உள்ளவர் அதே காயத்துக்கு முதலாளியிடம் 1923 சட்டத்தின் கீழும் கேட்க முடியாது, ஒரு வாசல்தான். 2025 நவம்பர் 21 முதல் இந்த இரண்டும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 என்ற ஒரே கூரைக்குள் போய்விட்டன. பிரிவு எண்கள் மாறின, அடிப்படை மாறவில்லை. நான் பழைய எண்களையே சொல்கிறேன், ஏனென்றால் தீர்ப்புகளும் லேபர் ஆபீஸ் பேச்சும் இன்னும் கொஞ்ச காலத்துக்கு அந்த எண்களில்தான் ஓடும்.

இரண்டு வாசலிலும் நிற்கிற காவல்காரர் ஒருவரே. காயம் "வேலையின்போது" ஏற்பட்டிருக்க வேண்டும், "வேலையின் காரணமாகவும்" ஏற்பட்டிருக்க வேண்டும். முதலாவது சுலபம், நேரமும் இடமும் பார்த்தால் போதும். இரண்டாவதில்தான் எல்லாச் சண்டையும். ஊரில் நிலத்தகராறு உள்ள பங்காளி ஃபேக்டரி வாசலுக்கு வந்து வெட்டிவிட்டுப் போனால், அது வேலையின்போது நடந்தது, ஆனால் வேலையின் காரணமாக நடக்கவில்லை. அப்படியானால், பக்கத்து ஆளைக் காப்பாற்றப் போனது எந்தக் கணக்கு? பேக்கிங் செய்ய எடுத்த ஆளுக்கு மனுஷியைக் காப்பாற்றுவது வேலையா?

இ.எஸ்.ஐ. சட்டத்தில் 1966ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்த்த 51டி என்கிற பிரிவு இதற்குத்தான். அது சொல்வதை என் தமிழில் சொன்னால் இப்படி வரும்: வேலை செய்கிற வளாகத்திலோ அதை ஒட்டிய இடத்திலோ, உண்மையான ஒரு அவசர நிலையில், அல்லது அவசரம் என்று நினைக்கிற நிலையில், அடிபட்டவர்களையோ ஆபத்தில் இருப்பவர்களையோ மீட்கவும் உதவவும் பாதுகாக்கவும் ஒரு தொழிலாளி முயலும்போது அவருக்கு விபத்து நேர்ந்தால், அது வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்ததாகவே கொள்ளப்படும். பொருளுக்குப் பெரிய சேதம் வராமல் தடுக்கப் போனாலும் அப்படியே. பிரிட்டனின் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏறக்குறைய இதே வாசகம் இருந்தது, நம் ஆட்கள் அதைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும். புதிய தொகுப்பிலும் இ.எஸ்.ஐ. அத்தியாயத்தில் இது தொடர்கிறது.

இந்த ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை விஷயம் இருக்கிறது பாருங்கள். "கொள்ளப்படும்" என்றால் நீங்கள் இரண்டாவது கேள்விக்குத் தனியாகப் பதில் தேட வேண்டியதில்லை, சட்டமே பதில் சொல்லிவிட்டது. யாராவது போகச் சொன்னார்களா என்ற கேள்வியே அதில் இல்லை. ஆபத்தில் இருந்தவர் சக தொழிலாளியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை, "நபர்கள்" என்றுதான் இருக்கிறது. சாமான் வாங்க வந்த வாடிக்கையாளர், லாரி கிளீனர், அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த குழந்தை, யாராகவும் இருக்கலாம். அப்புறம் எனக்கு மிகவும் பிடித்தது, "அவசரம் என்று நினைக்கிற" என்ற சொல். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துப் புகைக்குள் ஓடுகிறீர்கள், அவரோ ஏற்கெனவே பின்வாசல் வழியாக வெளியே போய் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். படியில் விழுந்து உங்கள் கால் முறிகிறது. அங்கே ஆளே இல்லையே என்று தள்ள முடியாது. அந்த நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்தது என்ன என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது.

எல்லையும் உண்டு. வளாகம் அல்லது அதை ஒட்டிய இடம். டெலிவரிக்குப் போகும் வழியில் குளத்தில் தத்தளிக்கும் பிள்ளையைக் காப்பாற்றக் குதித்து அடிபட்டால் இந்தப் பிரிவு உதவாது. ஜெர்மனியில் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள், அங்கே விபத்திலோ பொது ஆபத்திலோ அடுத்தவருக்கு உதவப் போகிற யாருமே, வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு விபத்துக் காப்பீட்டுக்குள் தானாகவே வந்துவிடுவார்கள். நமக்கு அது இல்லை. அதுபோக, ஆப் மூலம் வேலை செய்கிற டெலிவரி ஆட்களைப் புதிய சட்டம் கிக் தொழிலாளர் என்று பெயர் சொல்லி ஏற்கிறது, ஆனால் ஊழியர் என்று ஏற்கவில்லை, அதனால் நான் மேலே சொன்ன எந்த வாசலிலும் அவர்கள் நேராக நுழைய முடியாது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சரி, இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள்? 1923 சட்டத்தில் மீட்பு என்று தனிப் பிரிவு கிடையாது. "வேலையின் காரணமாக" என்பதை வாதாடித்தான் நிலைநாட்ட வேண்டும். வாதம் கடினமில்லை: அந்த ஆபத்து இருந்த இடத்துக்கு அவரைக் கொண்டுவந்தது வேலை, ஆபத்தில் இருந்தவரும் வேலையில் இருந்தவர், ஒரு தொழிலாளி செத்தால் முதலாளிக்கும் நஷ்டம், எனவே காப்பாற்றப் போனது முதலாளியின் நன்மைக்கும்தான். கடினம் எல்லாம் சாட்சியத்தில் இருக்கிறது. 1969இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு போனது, கப்பலில் வேலை பார்த்த ஒருவர் நடுக்கடலில் காணாமல் போய்விட்டார், குடும்பம் இழப்பீடு கேட்டது. நேரடிச் சாட்சி இல்லாவிட்டாலும் சூழ்நிலைகளை வைத்து ஊகிக்கலாம் என்று நீதிமன்றம் ஒத்துக்கொண்டது, ஆனால் அவர் எப்படி இறந்தார், அதற்கும் வேலைக்கும் என்ன தொடர்பு என்று காட்ட எதுவுமே இல்லை என்று குடும்பத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. வேலை செய்கிற இடத்தில் செத்தார் என்பது மட்டும் போதாது. ஏன் என்பது காகிதத்தில் இருக்க வேண்டும்.

காப்பாற்றப் போவது என்றால் இயந்திரமும் நெருப்பும் மட்டும்தானா? செக்யூரிட்டி, நர்ஸ், பஸ் கண்டக்டர், பெட்ரோல் பங்க் பையன், இவர்களுக்கு ஆபத்து ஆள் வடிவில் வருகிறது. வார்டில் நோயாளியின் உறவினர் பயிற்சி நர்ஸை அடிக்கப் பாய்கிறார், குறுக்கே போன சீனியர் நர்ஸுக்கு மூக்கு உடைகிறது. "இது அடிதடி கேஸ், போலீஸுக்குப் போங்கள், விபத்து இல்லையே" என்பார்கள். வேண்டுமென்றே ஒருவர் அடித்தால் அது எப்படி விபத்தாகும் என்ற கேள்வி நூறு வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது. இங்கிலாந்தில் சம்பளப் பணத்தை ரயிலில் எடுத்துப்போன காசாளரைக் கொள்ளைக்காரன் கொன்ற வழக்கு 1910இல் வந்தது. அயர்லாந்தில் மாணவர்களே சேர்ந்து திட்டமிட்டு ஆசிரியரைத் தாக்கிக் கொன்ற வழக்கு 1914இல் வந்தது. இரண்டிலும் நீதிமன்றங்கள் சொன்னது ஒன்றுதான்: அடித்தவனுக்கு அது திட்டம், அடிபட்டவருக்கு அது எதிர்பாராதது, அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் விபத்தே. 2000ஆம் ஆண்டில் நம் உச்ச நீதிமன்றம், ஆட்டோவைத் திருடுவதற்காக டிரைவரைக் கொன்ற ரீட்டா தேவி வழக்கில், அது மோட்டார் வாகனச் சட்ட வழக்கு என்றாலும், இதே தர்க்கத்தைத்தான் எடுத்துக்கொண்டது. ஆட்டோவை எடுப்பதுதான் நோக்கம், கொலை அதன் வழியில் நடந்தது என்பதால் அது விபத்து மரணம் என்றது. ஆகவே நர்ஸ் எஃப்.ஐ.ஆரும் போடலாம், இழப்பீடும் கேட்கலாம், ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. சண்டையின் வேர் வார்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இருவருக்கும் ஏற்கெனவே சொந்தத் தகராறு இருந்தது என்றால் கதை மாறிவிடும்.

இன்னொரு வகையைச் சொல்லாமல் போக முடியாது. தொட்டிகள். செப்டிக் டேங்க், சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டி, மூடிக்கிடக்கிற கிணறு. ஒருவர் இறங்கி மயங்குகிறார், அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குகிறார், மூன்றாமவர் இறங்குகிறார். செய்தியில் படிக்கும்போது "மூவர் பலி" என்று ஒரே மூச்சில் போய்விடும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கையில், இப்படி மூடிய இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்று இருந்தது. ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு ஏறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அதனால் மேலே நிற்பவர் "நாத்தம் இல்லையே" என்று நம்பி இறங்குகிறார். தயவுசெய்து இறங்காதீர்கள், கத்துங்கள், 112க்குப் போன் போடுங்கள்.

இங்கே முதலாளி தரப்பு வழக்கமாகச் சொல்வது, "இறங்கக் கூடாது என்று போர்டு வைத்திருந்தோம், மீறி இறங்கினார்." 1923 சட்டத்தில் பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினால் இழப்பீடு இல்லை என்ற விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்த விலக்கு பொருந்தாது. மீறியிருந்தாலும் குடும்பத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டும். காண்ட்ராக்டரின் ஆள் என்று கைகழுவவும் முடியாது, அந்த வேலை நிறுவனத்தின் தொழிலைச் சேர்ந்ததாக இருந்தால் மூல முதலாளியிடமே கேட்கலாம், அவர் பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். சாக்கடை, செப்டிக் டேங்க் சாவுகளுக்கு இது தவிர 30 லட்சம் ரூபாய் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது, முன்பு அது 10 லட்சமாக இருந்தது.

எவ்வளவு வரும்? 1923 சட்டக் கணக்கு: மரணம் என்றால் மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்து, வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்கு அந்த எண் 207.98. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்க்கு மேல் எடுக்க மாட்டார்கள், 2020 ஜனவரியில் வைத்த உச்சவரம்பு. ஆக 7,500ஐ 207.98ஆல் பெருக்கினால் 15,59,850 ரூபாய். நிரந்தர முழு ஊனம் என்றால் பாதிக்குப் பதில் 60 சதவீதம், 18,71,820 வரும். ஒரு கட்டைவிரல் முழுதாகப் போனால் சட்டத்தின் அட்டவணைப்படி சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, அதாவது இந்தத் தொகையில் 30 சதவீதம், 5,61,546. தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாவிட்டால் ஏறக்குறைய அரைச் சம்பளம். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி, காரணமில்லாமல் இழுத்தடித்தால் அதற்கு மேல் 50 சதவீதம் வரை அபராதம். இருபத்தைந்தாயிரம் சம்பளம் வாங்கியவரின் உயிருக்கும் பதினைந்தாயிரத்தில் கணக்குப் போடுவது என்ன நியாயமோ.

இ.எஸ்.ஐ.யில் பொதுவாக ஒரே தொகையாக வராது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தினச் சம்பளத்தில் 90 சதவீதம், வைத்தியம் அவர்கள் பொறுப்பு. இறந்துவிட்டால் அதே 90 சதவீதக் கணக்கில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதாமாதம் வரும். வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு, இத்தனை மாதம் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேலைக்காயத்துக்குக் கிடையாது. முதலாளி உங்களைப் பதிவே செய்யாமல் விட்டிருந்தாலும் கழகம் உங்களுக்குக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்க வழி இருக்கிறது. போலீஸ், தீயணைப்புத் துறை ஆட்களுக்கு இந்த இரண்டும் இல்லாமல் தனி அரசு விதிகள், அது வேறு கட்டுரைக்கு.

நடைமுறையில் செய்ய வேண்டியதில் முக்கியமானது ஒன்றே ஒன்று. விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் வீட்டில் யாராவது பார்க்கட்டும். "தவறி விழுந்தார்", "கவனக்குறைவு" என்று முடித்திருந்தால், யாரை, எதிலிருந்து, காப்பாற்றப் போனபோது என்பதைச் சேர்த்து ஒரு கடிதம் எழுதி நிர்வாகத்துக்கும் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். ஆஸ்பத்திரியில் முதல் சீட்டில் டாக்டர் "எப்படி அடிபட்டது" என்று கேட்பார், வலியில் "மெஷின்ல மாட்டிக்கிச்சு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பின்னால் எல்லோரும் திருப்பிப் பார்ப்பது அந்தச் சீட்டைத்தான். சி.சி.டி.வி. பதிவை நிறைய இடங்களில் கொஞ்ச நாளிலேயே அழித்துவிடுவார்கள், அதைக் கேட்டு எழுதிக் கொடுக்கத் தள்ளிப்போடாதீர்கள். 1923 சட்ட வழக்கு என்றால் தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையர் முன்பு போக வேண்டும், பழைய சட்டத்தில் இரண்டு வருடக் கெடு இருந்தது. இழப்பீடு வேண்டாம் என்று ஏதாவது காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால் பயப்பட வேண்டாம், அந்தக் காகிதம் சட்டப்படி செல்லாது.

மிக நல்ல சாட்சி யார் தெரியுமா? காப்பாற்றப்பட்டவர். அவரிடம் போய்க் கேட்பதற்குத்தான் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள், செய்த உதவிக்குக் கூலி கேட்கிற மாதிரி இருக்குமாம். எங்கள் அண்ணனும் அப்படித்தான், அந்தப் பெண்ணிடம் கேட்கவே மாட்டேன் என்றுவிட்டார். அதே மில்லில் வேலை செய்கிற பெண், நிர்வாகத்துக்கு எதிராக எழுதிக் கொடுத்தால் அவள் வேலை போய்விடுமோ என்று வேறு கவலை. கடைசியில் அண்ணி போய்ச் சொல்லியிருக்கிறார். மறுநாள் அந்தப் பெண் கோடு போட்ட நோட்டுத் தாளில் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் அதைப் படித்தேன். "அண்ணன் துணியை இழுக்காமல் இருந்திருந்தால் என் தலை பெல்ட்டுக்குள் போயிருக்கும்" என்று ஒரு வரி இருந்தது. அந்தத் தாளைத்தான் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தோடு இணைத்தோம். மருத்துவக் குழு அண்ணனைக் கூப்பிட்டு விரலைப் பார்த்தது. அட்டவணையில் ஆள்காட்டி விரலின் ஒரு கணுவுக்கு 9 சதவீத இழப்பு. அதைப் போட்டுக் கொடுத்தார்கள்.